எதிர் அறை

லென்ஸின் விளிம்பைத் தேய்ப்புச் சக்கரத்தில் கொடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது மேசை மேல் கிடந்த போன் இரண்டு தரம் அதிர்ந்தது. கை ஈரமாக இருந்ததால் அவள் எடுக்கவில்லை, எட்டித்தான் பார்த்தாள். குட்டி. மகளுக்கு இருபத்தைந்து வயதாகிறது, எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் ஆபீசர், தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை. ஆனாலும் வீட்டில் குட்டிதான். "கம்பெனி கேக்குறாங்கம்மா. உள்ள போக இஷ்டமில்லாதவங்க நாளை மதியத்துக்குள்ள சொல்லிடலாமாம். படகுல வேற ஆள் அனுப்பி எங்களை இறக்கிடுவாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் கூப்பிடுறேன்." அதைப் படித்து முடிப்பதற்குள் லென்ஸ் சக்கரத்தில் அழுந்தி ஓரத்தில் ஒரு சில்லு தெறித்துவிட்டது. பதினெட்டு வருடமாக இந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் உடைத்த லென்ஸ்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முன்னால் கடைக்காரர் யாருக்கோ பிரேமை மாட்டிவிட்டு, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று வழக்கமான பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகணும் என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்தவர் எதற்கு என்று கேட்கவில்லை.

கப்பல் ஒன்பது நாளாக நீரிணைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. உள்ளே போர். எண்ணெய் ஏற்ற வேண்டிய துறைமுகமும் உள்ளேதான். போன வாரம் மட்டும் இரண்டு கப்பல்கள் அடி வாங்கியிருந்தன. ஒன்றில் நான்கு பேர் போய்விட்டார்கள், இன்னொன்றில் எத்தனை பேர் என்று செய்தியில் சொல்லவே இல்லை. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலி ஒன்றை அவள் போனில் போட்டு வைத்திருந்தாள். குட்டியின் கப்பல் அதில் ஒரு சிவப்பு அம்பு. பல் துலக்குமுன் ஒரு தரம், பேருந்தில் ஒரு தரம், கடையின் கழிவறைக்குள் நின்றபடி ஒரு தரம் என்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அசையாமல் நின்றால் மூச்சு வரும். நீரோட்டத்தில் கப்பல் லேசாகத் திரும்பி அம்பின் முனை உள்பக்கம் பார்த்துவிட்டால் செயலியை மூடி மூடித் திறப்பாள். கணவரிடம் சொல்லிப் பயனில்லை. தங்கமான மனிதர்தான், ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே வாந்தி எடுப்பவர். கடல் சமாசாரம் என்றால், உங்க அப்பாவையே கேட்டுக்கோ என்று நழுவிவிடுவார்.

வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் பங்க் முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. நான்தான் முதலில் வந்தேன் என்று ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர்கள் எல்லார் மீதும் காரணமே இல்லாமல் ஆத்திரம் வந்தது. இந்தப் பாழாய்ப்போன எண்ணெயைக் கொண்டுவரத்தானே என் பெண் அங்கே நிற்கிறாள் என்று ஓங்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லியிருந்தால் வழியை விடுங்கம்மா என்றிருப்பார்கள்.

அவள் வளர்ந்த வீட்டில் போர் என்பது ஒரு சிரிப்புக் கதை. சொல்கிறவர் அப்பா. அப்பா அந்தக் காலத்தில் எண்ணெய்க் கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசர். அவளுக்கு ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையில், அவளையும் அம்மாவையும் இரண்டு மாதத்துக்குக் கப்பலில் கூட்டிப்போனார். ஆபீசர்களின் குடும்பம் கூட வரலாம் என்று அப்போது சலுகை இருந்தது. பாதி வழியில் உத்தரவு மாறி, கப்பலை இதே நீரிணைக்குள் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். அன்றும் அங்கே போர்தான். அம்மாவையும் குழந்தையையும் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள், அந்த அடுத்த துறைமுகம் வரவே இல்லை. வெறும் கப்பலாக உள்ளே போய் நிறைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே காத்திருக்கும் கப்பலுக்கு மாற்றிவிட வேண்டும், இப்படி மூன்று நடை. விருந்தாளி யார் வந்தாலும் அப்பா இதை எடுத்துவிடுவார். என் வீட்டுக்காரி மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டே குளிப்பாள், சோப்பு அதற்குத்தான் அதிகம் செலவாச்சு என்பார். சாப்பாட்டு மணி அடித்தால் அபாய மணி என்று எல்லாரும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள், அதனால் சமையல்காரர் ஒவ்வொருவர் காதிலும் வந்து சாப்பாடு என்று ரகசியம்போல் சொல்லிவிட்டுப் போவார் என்பார். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான கதை ரேடியோ மாமாவுடையது. கப்பலின் ரேடியோ ஆபீசர், கல்யாணம் ஆகாதவர், ஒல்லி. எதிரிகளின் விமானங்கள் ஒரே கரையிலிருந்துதான் வரும். உள்ளே போகும்போது அந்தக் கரை கப்பலுக்கு வலப்பக்கம், திரும்பி வரும்போது இடப்பக்கம். அதனால் வலப்பக்க அறைக்காரர்களுக்குப் போகும்போது கண்டம், இடப்பக்கத்துக்காரர்களுக்கு வரும்போது கண்டம். ஆளுக்கு ஒரு வழி பயம் என்று அதையே நியாயமாக எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய அறை இடப்பக்கம். எதிரே வலப்பக்கம் ரேடியோ மாமாவின் அறை. எண்ணெய் நிறைத்துக்கொண்டு கப்பல் திரும்பியதும் அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவதுபோல் நடைவழியைக் கடந்து இவர்களுடைய அறைக்கு வருவார், இவர்கள் அவருடைய அறைக்குப் போவார்கள். அப்பா சோபாவிலிருந்து எழுந்து, நாற்காலி மெத்தையை இடுக்கிக்கொண்டு அந்த நடையை நடந்து காட்டுவார். குட்டி சின்ன வயதில் அதை இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டுத் தரையில் உருண்டு சிரிப்பாள். கடைசியில் ஒரு பட்டாசு வெடித்ததாம், எல்லாரும் படகில் இறங்கினார்களாம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லையாம். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டேனே என்று அம்மா மட்டும் அழுதாளாம். அந்த இடம் வருவதற்கு முன்னால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அம்மா சாகிற வருடம்தான் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ரேடியோ தம்பி படகுக்கு வரலடி. அவ்வளவுதான், மேலே கேட்டதற்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நடை, திரும்பி வரும் வழி, மத்தியான நேரம், அவர் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று அவளாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். உள்ளே போகும்போது தன் அறையில், வெளியே வரும்போது இவர்கள் அறையில் என்று இரண்டு வழிக் கண்டத்தையும் அவர் ஒருவரே ஏற்றிருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. குட்டி பதினேழு வயதில் நான் கப்பலுக்குத்தான் படிப்பேன் என்று நின்றபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போரெல்லாம் என்றைக்கோ முடிந்துபோன சங்கதி, எதற்குக் குழந்தையின் ஆசையில் மண்ணைப் போடுவது என்று இருந்துவிட்டாள். அந்த மௌனத்துக்கு இப்போது ஒன்பது நாளாக வட்டியும் முதலுமாக அனுபவிக்கிறாள்.

அப்பா கூடத்தில் காற்றாடியைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடி. கப்பல் நங்கூரம் போட்ட நாளிலிருந்து அவர் வீட்டில் இருப்பதையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் இஸ்திரிப்பெட்டி, அப்புறம் மிக்ஸி, அப்புறம் வாசல் மணி. இன்னும் நாலு நாள் போனால் இந்த வீட்டில் ஓடுகிற சாமான் நாம் மூன்று பேர்தான் என்று அவள் நேற்றுக்கூடச் சொன்னாள். இன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. செய்தியைப் படித்துக் காட்டினாள். அவர் கையில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார்.

"அவ கூப்பிடும்போது நீங்க உண்மையைச் சொல்லணும்பா," என்றாள்.

"நான் சொன்னா அவ நம்புவாளா? இத்தனை வருஷம் கோமாளி மாதிரி ஆடிக் காட்டிட்டு."

"உங்க கதையைக் கேட்டுத்தான் அவ கப்பலேறினா."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. தெரியும் என்றார் அப்பா, தலை நிமிராமல்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று விளக்கினாள். ரேடியோ மாமா இறந்ததைச் சொல்ல வேண்டும். எப்படி இறந்தார் என்பதையும், அந்தச் சத்தத்தையும், இரும்பு கிழிந்து நின்றதையும் எதையும் விடாமல் சொல்ல வேண்டும், பயந்து இறங்கி வரட்டும். ஆனால் அறை மாற்றிக்கொண்டதை மட்டும் மூச்சு விடக் கூடாது, அது அவளுக்குச் சின்ன வயதுச் சிரிப்பாகவே இருக்கட்டும். ஏனென்றால் குட்டி இறங்கினால் அவளுக்குப் பதிலாக ஏறப்போகிறவன் ஒட்டகம், மாற்று ஆளாகக் கரையில் காத்திருப்பது அவன்தான் என்று குட்டி முன்பே சொல்லியிருந்தாள். கூடப் படித்தவன், உயரமும் தண்ணீர் குடிக்கிற அளவும் சேர்ந்து அவனுக்கு அந்தப் பெயர். ஒரு விடுமுறையில் இங்கே வந்து தங்கியபோது, குளியலறையில் ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கேட்காமலே சரிசெய்துவிட்டுப் போனான். அவனை நினைத்தால் அவளுக்கும் நெஞ்சு கனத்தது. கனக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அந்தப் பக்கம் தள்ளினாள். தனக்காக ஒருவர் இன்னொருவர் கட்டிலில் படுத்துச் செத்தார் என்ற கதையைக் கேட்டுவிட்டு ஒட்டகத்தை வரச் சொல்கிற பெண் இல்லை குட்டி. அவ்வளவு தெரியும் அவளுக்கு.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காற்றாடியின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அவனா வந்து மாத்திக்கல. உங்க அம்மாதான் போய்க் கேட்டா."

அவளுக்குப் புரியவில்லை.

"ரேடியோ ரூமுக்குப் போய்க் கேட்டா. வேணாம்னு நான் சொல்லல. நானும்தான் வாசல்ல நின்னேன். உன்னையும் கையில பிடிச்சுக்கிட்டுதான் போனா. குழந்தைக்காகக் கேக்குறேன் தம்பின்னா. எந்தெந்தக் கப்பலை எந்தப் பக்கம் அடிச்சான்னு ராத்திரியெல்லாம் காதுல கேட்டுக்கிட்டிருந்தவன் அவன். எங்க எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும். உன் தலையில ஹெட்போனை மாட்டிவிட்டுட்டு, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அப்புறம் சரிக்கான்னு சொன்னான்."

அந்த ஹெட்போன் அவளுக்கு நினைவிருந்தது. கப்பல் நாட்களில் அவள் ஆசையாக எடுத்துப் பார்க்கிற ஒரே நினைவு அதுதான். காதுக்குப் பெரிதாக, கறுப்பாக, உள்பக்கம் பஞ்சு வைத்தது. அவர் ஒரு குமிழைத் திருப்பினார், இரைச்சல் விலகி எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் பாடினாள். அவள் சிரித்தாள். அம்மா உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள், பாட்டுக்கு வாயசைப்பதுபோல் இருந்தது. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். காதில் விழக் கூடாதென்றுதான் மாட்டியிருக்கிறார். அவளுக்கு உடம்பு கூசியது. அம்மா மேல் கோபம் வந்தது, உடனே அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் எப்படிப்பா இருந்தீர்கள் என்று கேட்டாள். சொல்லிக்கொண்டேதானே இருந்தேன் என்றார் அவர்.

ஐந்தரை மணிக்குக் குட்டி கூப்பிட்டாள். திரையில் முதலில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு முழு முகம். அறைக்குள் இணைப்பு கிடைக்கவில்லை என்று நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கதவுகள். மெலிந்திருந்தாள், ஆனால் சிரித்தாள். என்ன தாத்தா, மிதவைச் சட்டை போட்டுக்கிட்டா உக்கார்ந்திருக்கீங்க என்று வழக்கமான கேலியை ஆரம்பித்தாள். அப்பா சிரிக்கவில்லை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கினார்.

நாற்பது வருடம் மெருகேற்றிய கதையை அத்தனை அழகாகச் சொல்கிறவர், உண்மையைச் சொல்லத் தெரியாமல் திணறினார். முன்னே பின்னே போனார். சத்தம் என்றார், சத்தம்கூட இல்லை, காதில் அடைத்ததுதான் தெரிந்தது என்றார். விளக்கு போனதென்றார், புகையில் சுவரைத் தடவிப் போனபோது சுவர் சுட்டதென்றார். எதிர் அறைக் கதவு இருந்த இடத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, அந்த வழியாகக் கடல் தெரிந்தது என்றார். குட்டி முதலில் பழைய பழக்கத்தில் உதட்டோரம் சிரிப்பை வைத்துக்கொண்டு, அடுத்த வேடிக்கைக்குக் காத்திருந்தாள். படகில் எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது என்று அப்பா சொன்ன இடத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

போதும் அப்பா, நிறுத்திவிடுங்கள் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்பா சொன்னபடியே நிறுத்தினார். ஆனால் குட்டி கணக்கில் புலி, அதிலும் கப்பலின் இடது வலது அவளுக்குப் பாடமே. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"அவர் ரூம் வலப்பக்கம்தானே தாத்தா? வெளிய வரும்போது அடிச்சா இடப்பக்கம்தானே அடிபடும்?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "தலையணை. தலையணையைத் தூக்கிட்டு வருவாரே. அதுவா?"

அப்பா கிண்ணத்தில் இருந்த திருகாணிகளைக் கிளறினார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைக்கும்படி குட்டியின் முகம் அசையாமல் இருந்தது. நான் அதுக்குத்தான் ரொம்பச் சிரிப்பேன் என்றாள் கடைசியில். கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசினாள். இறங்கிடு குட்டி, சம்பளம் பதவி எதுவும் வேண்டாம், கரையில் ஆயிரம் வேலை இருக்கிறது என்று மூச்சு விடாமல் கொட்டினாள். பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். இந்த வீட்டில் யாரும் இதற்குமுன் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும்தான்மா என்றாள் குட்டி. இரவில் கண்ணை மூடினால் தூக்கமே வருவதில்லையாம், பகல் காவலில் தொலைநோக்கியைப் பிடிக்கையில் கை நடுங்குகிறதாம், யாரும் பார்க்கக் கூடாதென்று கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாளாம்.

"அப்போ வந்துடுடி."

"ஒட்டகம் பெட்டி கட்டிட்டான்மா. காலையில படகுல ஏறத் தயார்னு அனுப்பியிருக்கான், பல்லைக் காட்டுற பொம்மை போட்டு. அவனை என் கட்டில்ல படுக்க வச்சுட்டு நான் எப்படிம்மா வீட்டுக்கு வர்றது?"

அவள் எதிர்பார்த்தது அப்படியே நடந்துவிட்டது. இனி என்ன சொன்னாலும் இவள் இறங்க மாட்டாள். அழுதாலும் மாட்டாள். அப்பா திரையைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை மதியத்துக்குப் பிறகு அந்த அம்பு நகரத் தொடங்கும். உள்ளே போக ஒன்றரை நாள், ஏற்ற இரண்டு நாள், வெளியே வர ஒன்றரை நாள். அவளுடைய மனம் அவளைக் கேட்காமலே எண்ணத் தொடங்கியிருந்தது. கண் மகளின் முகத்தை விட்டு, பின்னால் வரிசையாக நின்ற கதவுகளுக்குப் போனது.

"உன் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம்."

உள்ளே போகும்போது பரவாயில்லை. வெளியே வரும்போது, வயிறு நிறைய எண்ணெயோடு வரும்போது, இடப்பக்கம்தான் அந்தக் கரை, இன்றும் அடி அங்கிருந்துதான் வருகிறது. கேட்காதே என்று உள்ளே ஏதோ சொன்னது.

"எதிர் ரூம்ல யாரு இருக்கா?"

அப்பா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"சமையல்கார அண்ணன். ஏம்மா?"

அவள் பதில் சொல்லுமுன் குட்டியின் பின்னால் வலப்பக்கக் கதவு திறந்தது. தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக, தலை கலைந்த ஒரு மனிதர் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். வழியில் உட்கார்ந்திருந்தவளின் கால்களைத் தாண்டப் போனவர், வீட்டோடு பேசுகிறாள் என்று தெரிந்ததும் நின்று, குனிந்து, திரைக்குள் முகத்தைக் காட்டிச் சிரித்தார்.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றார்.

"சாப்பிட்டேன் தம்பி," என்றாள் அவள். அவருடைய தோளுக்குப் பின்னால் கதவு சாத்தாமல் இருந்தது. அதன் வழியே அந்தப் பக்கத்துச் சுவரும், சுவரை ஒட்டிப் போட்டிருந்த ஒற்றைக் கட்டிலும், அதன் விரிப்பில் அவர் இவ்வளவு நேரம் படுத்திருந்த பள்ளமும் தெரிந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.